முட்டி ஆபரேஷன் முடிஞ்சு வந்த அம்மாவுக்கு மலச்சிக்கல், என்ன குடுக்கலாம்?

கரிசல்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் கூச்சமான விஷயம்தான், ஆனா சொந்தக்காரங்ககிட்ட கேட்டா ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி குழப்புறாங்க அதான் இங்க வந்தேன். அம்மாவுக்கு 68 வயசு. போன மாசம் வலது முட்டி மாத்துற ஆபரேஷன் பண்ணோம், அது நல்லபடியா முடிஞ்சுது, தையல் பிரிச்சாச்சு, வாக்கர் வச்சு ரூமுக்கும் ஹாலுக்கும் நடக்குறாங்க. வீட்டுக்கு வந்ததுல இருந்து வயிறு மட்டும் சுத்தமா போக மாட்டேங்குது. நாலஞ்சு நாளைக்கு ஒருக்கா போனாலே பெருசு, அதுவும் ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையா நாலு விழுந்தா உண்டு. நேத்து பாத்ரூம்ல ரொம்ப நேரம் உக்காந்து முக்கிட்டு வேர்த்து விறுவிறுத்து வெளிய வந்தாங்க, "இதுக்கு அந்த முட்டி வலியே தேவல"ன்னு அழுதுட்டாங்க.

சாப்பாடு காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் ரசஞ்சாதம், கூட ஒரு அப்பளம், ராத்திரி பால்ல பிரெட்டு நனைச்சு. காய் வச்சா ஒதுக்கி வச்சுடுறாங்க, பல்லு செட்டு உறுத்துதாம். தண்ணி கேக்கவே வேணாம், ஒரு நாளைக்கு நாலு டம்ளர் தாண்டாது.

மாத்திரை: வலிக்கு அல்ட்ராசெட் காலையும் ராத்திரியும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, பிபிக்கு ஒண்ணு, வெறும் வயித்துல கேஸ் மாத்திரை. சுகர் கிடையாது. கிட்னி, ஹார்ட்டு எல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாடி பாத்தாங்க, நார்மல்னுதான் சொன்னாங்க.

வாழைப்பழம் குடுத்தாச்சு, காலையில வெந்நீர் குடுத்தாச்சு, ராத்திரி படுக்கும்போது இசப்கோல் ஒரு ஸ்பூன் கலக்கி குடுக்குறேன், அதுக்கப்புறம் வயிறு இன்னும் கும்முனு உப்பிக்கிட்டதுதான் மிச்சம். ஆஸ்பத்திரிக்கு போன் போட்டா "நார்ச்சத்து நிறைய குடுங்கம்மா"ன்னு சொல்லி வச்சுட்டாங்க. அடுத்த செக்கப்புக்கு இன்னும் பத்து நாள் கிடக்கு. அதுவரைக்கும் வீட்ல என்ன பண்ணலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மேலத்தெரு_மாமா:

இதுக்கு ஏன்மா இவ்வளவு கவலை. செக்குல ஆட்டின விளக்கெண்ணெய் ரெண்டு ஸ்பூன் எடுத்து வெதுவெதுப்பான பால்ல விட்டு விடியக்காலையில குடு, மத்தியானத்துக்குள்ள குடல் சுத்தம். நாங்க சின்னப் பிள்ளைகளா இருந்தப்ப லீவு விட்டா போதும், எங்க ஆச்சி வரிசையா உக்கார வச்சு மூக்கைப் பிடிச்சு ஊத்திவிட்டு பேதி முடியுற வரைக்கும் வெறும் மோரும் ரசஞ்சோறும்தான் குடுப்பாங்க. அப்படி வளந்த உடம்புதான் இன்னைக்கும் நிக்குது. இல்லைன்னா கடுக்காய் பொடி இருக்கவே இருக்கு, ராத்திரி அரை ஸ்பூன் வெந்நீர்ல. ஆனா கொட்டையை எடுத்துட்டு தோலை மட்டும் இடிக்கணும், சுக்குக்கு புறநஞ்சு கடுக்காய்க்கு அகநஞ்சுன்னு சும்மாவா சொன்னாங்க.

பார்மசி_பாண்டி:

மாமா கோவிச்சுக்காதீங்க, ஓடியாடுற பிள்ளைக்கு பேதி குடுக்குறது வேற, வாக்கர் பிடிச்சு நடக்குற 68 வயசு அம்மாவுக்கு விளக்கெண்ணெய் ஊத்துறது வேற. அது சிறுகுடல்லயே வேலையைக் காட்டும், வயித்தைப் பிசைஞ்சு அவசரமா வரும், அந்த அவசரத்துல பாத்ரூமுக்கு ஓடி வழுக்கி விழுந்தா புது முட்டி என்ன ஆகுறது? ஏற்கனவே தண்ணி குடிக்காத உடம்பு வேற, பேதியில இருக்குற தண்ணியும் உப்பும் போயி மயக்கம் வந்துரும்.

சிஸ்டர், நான் மெடிக்கல் ஷாப்ல இருக்கேன், உங்க போஸ்ட்ல சாப்பாட்டை விட மாத்திரை லிஸ்ட்டுதான் என் கண்ணுல பட்டுச்சு. அல்ட்ராசெட்னா அதுல பாரசிட்டமாலும் டிராமடாலும் சேர்ந்து இருக்கும். இந்த டிராமடால் ஓபியாய்டு வகை, மார்பினுக்கு தூரத்து சொந்தம்னு வச்சுக்கங்க. அது மூளையில வலியை அமத்துற மாதிரியே குடல்லயும் போய் உக்காந்து குடல் அசையுறதை மந்தமாக்கிடும். பெருங்குடலோட வேலையே வர்ற கழிவுல இருந்து தண்ணியை உறிஞ்சுறதுதான், கழிவு அங்க எவ்வளவு நேரம் தங்குதோ அவ்வளவு தண்ணி உறிஞ்சப்படும், கடைசியில வர்றது காஞ்சு இறுகித்தான் வரும். இதுல கொடுமை என்னன்னா மத்த சைடு எஃபெக்ட், அதாவது தலைசுத்தல் வாந்தி எல்லாம் கொஞ்ச நாள்ல பழகிப்போயிரும், மலச்சிக்கல் மட்டும் மாத்திரை நிக்குற வரைக்கும் விடாது. அதனால இந்த வகை மாத்திரை எழுதும்போதே கூட ஒரு மலமிளக்கியும் எழுதுறதுதான் முறை. பல சீட்டுல அது இருக்குறதில்ல, நான் தினமும் பாக்குறேன்.

இதோட இரும்புச்சத்து சேருது, கால்சியம் சேருது, ரெண்டுமே மலத்தை இறுக்குற ஆளுங்க. கால்சியத்துலயும் கார்பனேட்டு வகைதான் ரொம்ப படுத்தும், சிட்ரேட்டு பரவாயில்ல. இரும்பு மாத்திரை சாப்பிடும்போது மலம் கருப்பா போகும், அதைப் பாத்து பயந்துறாதீங்க, ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு கெட்ட வாடையோட போனா அது வயித்துக்குள்ள ரத்தம் கசியுறதா இருக்கலாம், அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும். பிபி மாத்திரை என்ன பேருன்னு சொல்லுங்க, வெராபமில் மாதிரி சிலது மலச்சிக்கல் பண்ணும்.

அடுத்தது இசப்கோல். நல்ல சாமான்தான், நானே விக்குறேன், ஆனா அது வேலை செய்யணும்னா தண்ணி வேணும். தண்ணியை இழுத்து ஊதி கொழகொழன்னு ஆகி குடலைத் தள்ளணும். டிராமடால் சாப்பிட்டு குடல் அசையாம கிடக்கு, மேல இருந்து தண்ணியும் வரல, இதுல நார் மேல நாரா போட்டா உள்ள அடைச்சுக்கிட்டு ஊதிக்கிட்டுதான் கிடக்கும். உங்க அம்மாவுக்கு வயிறு உப்புனது இதனாலயா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். அதுவும் படுக்கப் போறப்ப குடுக்கவே கூடாது, தொண்டையில சிக்குற ஆபத்தும் இருக்கு. இப்போதைக்கு நிறுத்திட்டு டாக்டர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: வலி குறைஞ்சிருந்தா அல்ட்ராசெட்டுக்கு பதிலா வெறும் பாரசிட்டமால் போதுமா? இரும்பு மாத்திரை இன்னும் தேவையா, ரத்தம் டெஸ்ட் பண்ணி பாத்துட்டு நிறுத்தலாமா? நீங்களா எதையும் நிறுத்த வேணாம். பத்து நாள் காத்திருக்கவும் வேணாம், நாளைக்கே போன் போட்டு டாக்டரைத்தான் கேளுங்க, ரிசப்ஷன்ல எடுக்குறவங்கள இல்ல.

மலமிளக்கி வேணும்னா லாக்டுலோஸ் சிரப்போ பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரோ எழுதுவாங்க, ரெண்டும் குடலுக்குள்ள தண்ணியைப் பிடிச்சு வச்சு மலத்தை இளக்கும், ஆனா இன்னைக்கு குடிச்சா நாளைக்கு காலையிலயே வரும்னு எதிர்பாக்காதீங்க, ரெண்டு மூணு நாள் ஆகும். லாக்டுலோஸ்ல ஆரம்பத்துல கேஸ் பிரியும், வயிறு கொஞ்சம் உப்பும். டல்கோலாக்ஸ் மாத்திரை குடுத்தா உடைக்காம முழுங்கணும், பாலோடயோ ஜெலுசில் மாதிரி ஆன்டாசிடோடயோ சேர்க்கக் கூடாது, மேல இருக்குற கோட்டிங் வயித்துலயே கரைஞ்சு எரிச்சல் பண்ணும்.

டைடல்பார்க்_தவிப்பு:

அம்மாவுக்கு சரியாகட்டும் சிஸ்டர். சைடுல என் கதையையும் யாராவது பாருங்க. வயசு 31, எந்த மாத்திரையும் இல்ல, காலையில எழுந்து காபி குடிச்ச உடனே லேசா வரும், ஆனா கேப் வந்துரும் மீட்டிங் வந்துரும்னு அடக்கிட்டு ஓடிருவேன், ஆபீஸ் பாத்ரூம்ல எனக்கு வராது, நைட்டு வந்து போனை எடுத்துக்கிட்டு உக்காந்தா ரீல்ஸ்தான் ஓடுது வேற எதுவும் ஓடல. இப்ப மூலம் வேற எட்டிப் பாக்குது.

பார்மசி_பாண்டி:

ப்ரோ உங்களுக்கு பதில் உங்க போஸ்ட்லயே இருக்கு. காலையில வயித்துக்குள்ள எதாவது போனதும் பெருங்குடல் தானா ஒரு தள்ளு தள்ளும், உடம்பு குடுக்குற பெரிய சிக்னலே அதுதான், அதை தினமும் அடக்கினா கொஞ்ச நாள்ல சிக்னலே வராது. கேபுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி எழுந்திருங்க. போனை பாத்ரூமுக்கு வெளிய வைங்க, அஞ்சு பத்து நிமிஷத்துக்கு மேல உக்காந்தா மூலத்துக்கு நாமளே வெத்தலை பாக்கு வச்சு கூப்பிடுறதுதான். கொய்யா, கீரை, கொண்டைக்கடலை, சிறுதானியம்னு சேர்த்து நாளைக்கு 25ல இருந்து 30 கிராம் நார்ச்சத்து வரணும், வெள்ளைச் சோறு ஒரு கப்புல ஒரு கிராம் கூட தேறாது. ஒரே நாள்ல ஏத்தாம மெல்ல மெல்ல ஏத்துங்க, இல்லைன்னா ஆபீஸ் ஏசி ரூம்ல கூட இருக்குறவங்க பாவம். ரத்தம் வந்தா மூலம்தான்னு நீங்களே முடிவு பண்ணாம ஒருதடவை காட்டிடுங்க.

கரிசல்பொண்ணு:

பாண்டி அண்ணா ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா யாரும் சொல்லல. பிபி மாத்திரை டெல்மிசார்டன். இசப்கோலை நிறுத்திட்டேன். தண்ணி விஷயத்துல ஒண்ணு சொல்லணும், அம்மா வேணும்னேதான் குடிக்காம இருக்காங்கன்னு இன்னைக்குத்தான் வாயைத் திறந்தாங்க. தண்ணி குடிச்சா அடிக்கடி ஒண்ணுக்கு வரும், ராத்திரி என்னை எழுப்பணும், வாக்கரைப் பிடிச்சு பாத்ரூம் வரைக்கும் போகணும், ஈரத்துல வழுக்கிருமோன்னு பயம். "உன் தூக்கத்தைக் கெடுக்க வேணாம்னுதான்டி"ங்கிறாங்க. என்ன சொல்றதுன்னே தெரியல.

நைட்டூட்டி_அக்கா:

தங்கச்சி, ஆபரேஷன் பண்ணி வர்ற பெரியவங்க பாதிப்பேரு இதைத்தான் பண்ணுவாங்க, நம்மகிட்ட சொல்ல மாட்டாங்க. நான் ஆர்த்தோ வார்டுல ரொம்ப வருஷமா நர்ஸா இருக்கேன். தண்ணி குடிங்கன்னு நூறு தடவை சொல்றதை விட ஒண்ணுக்குப் போறதை சுலபமாக்கினா அவங்களே குடிப்பாங்க. கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு கமோடு சேர் போட்டுருங்க, வாடகைக்கே கிடைக்கும், ராத்திரிக்கு ஒரு சின்ன லைட்டு, கைக்கு எட்டுற தூரத்துல ஒரு காலிங் பெல். அப்புறம் தண்ணியை முழுக்க பகல்லயே முடிச்சுருங்க, எழுந்ததுல இருந்து சாயங்காலம் ஆறு ஏழு மணிக்குள்ள ஒன்றரை லிட்டருக்கு குறையாம உள்ள போற மாதிரி பாத்துட்டு அதுக்கு மேல குறைச்சுக்கங்க. வெறும் தண்ணியா இருக்கணும்னு அவசியமில்ல, நீர்மோர், கஞ்சி, ரசம், பருப்புத்தண்ணி எல்லாம் கணக்குதான். டம்ளர் கணக்கு மறந்துபோகும், ஒரு பாட்டில்ல ஊத்தி பக்கத்துல வச்சா எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு கண்ணுக்குத் தெரியும். (ஹார்ட்டு, கிட்னி பிரச்சனை இருக்குறவங்க இந்த அளவைப் பாத்து குடிச்சுறாதீங்க, அவங்களுக்கு டாக்டர் சொன்ன அளவுதான்.)

அடுத்தது உக்கார்ற விதம். உங்க அம்மா ஆயுசு முழுக்க குத்த வச்சு உக்காந்து பழகினவங்களா இருப்பாங்க. குத்த வச்சா மலக்குடலைச் சுத்தி இழுத்துப் பிடிச்சிருக்குற ஒரு தசை தளர்ந்து பாதை நேராகும், நிமிந்து நாற்காலியில உக்காந்தா அது பாதி வளைவாவே நிக்கும். முட்டி மாத்தினதுக்கு அப்புறம் குத்த வைக்க முடியாது, கமோடு மேல உசர சீட்டு வேற மாட்டிருப்பாங்க, கால் தரையில படாம தொங்கும். கால் தொங்கினா வயித்துக்கு பலமே வராது. அதனால பாதம் ரெண்டும் அழுந்தி நிக்குற மாதிரி ஒரு மணையோ பலகையோ போடுங்க. எவ்வளவு உசரம்ங்கிறதை பிசியோகிட்ட கேட்டுக்கங்க, முட்டி எவ்வளவு மடங்கலாம்னு அவங்களுக்குத்தான் தெரியும். இதைப் படிக்குற வேற யாருக்காவது இடுப்பு மூட்டு மாத்தியிருந்தா பலகை போடக் கூடாது, இடுப்பு ரொம்ப மடங்கினா மூட்டு நழுவிரும். உக்காந்ததும் உடம்பை லேசா முன்னாடி சாய்ச்சு முழங்கை ரெண்டையும் தொடை மேல வைக்கச் சொல்லுங்க. மூச்சை அடக்கி முக்க வேணாம், வாயை லேசா திறந்து மூச்சை வெளிய விட்டுக்கிட்டே வயித்தை முன்னாடி தள்ளணும். முக்கி முக்கித்தான் பெரியவங்க பாத்ரூம்ல மயங்கி விழுறது.

நேரம் காலை டிபன் முடிச்சு கால் மணி நேரத்துல. வந்தாலும் வராட்டியும் தினமும் அதே நேரம் உக்கார வைங்க, பத்து நிமிஷம் பாத்துட்டு வரலைன்னா எழுப்பிருங்க. கதவை சாத்திட்டு வெளிய நில்லுங்க, பக்கத்துலயே நின்னு "வருதா வருதா"ன்னு கேட்டா யாருக்கும் வராது.

பல்லு செட்டு உறுத்துதுன்னா காயை ஒதுக்கத்தான் செய்வாங்க. பரங்கிக்காய், சுரைக்காய், கீரை மசியல், பப்பாளி, ஊறவச்ச உலர் திராட்சை, அத்திப்பழம்னு மெல்லத் தேவையில்லாததா பாருங்க. சரியா பழுக்காத வாழைப்பழம் இறுக்கும், நல்லா கனிஞ்சதா குடுங்க. பால்ல பிரெட்டை மட்டும் விட்டுருங்க, மைதாவுல என்ன நார் இருக்கு. ஆனா பாண்டி தம்பி சொன்ன மாதிரி தண்ணி முதல்ல, நார் அப்புறம். பிசியோ சொல்லிக் குடுத்த நடையை விடாதீங்க, கால் நடந்தாத்தான் குடலும் நடக்கும்.

தேரிக்காட்டான்:

கடுக்காய், விளக்கெண்ணெய்னு பேசுறீங்க, எங்க ஊர் சரக்கை ஒருத்தரும் சொல்லலையே. நிலாவாரை. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் மானாவாரி நிலத்துல தண்ணியே இல்லாம வளரும், மஞ்சப் பூ பூக்கும், இலையையும் காயையும் பறிச்சு உலர்த்தி மூட்டை போட்டா தூத்துக்குடி ஹார்பர் வழியா கப்பல் ஏறி வெளிநாட்டு மருந்துக் கம்பெனிக்குப் போயிரும். உலகச் சந்தையிலயே இதுக்கு தின்னவேலி சென்னான்னுதான் பேரு. எங்க தாத்தா காலத்துல இருந்து போடுறோம், மழை ஏமாத்துன வருஷத்துலயும் இது கை குடுக்கும், ஆடு மாடும் அவ்வளவா வாய் வைக்காது. வெளிநாட்டு மெடிக்கல்ல சென்னா மாத்திரைன்னு அழகான டப்பாவுல விக்குறது நம்ம செம்மண்ணுல வெளைஞ்சதா இருக்கும், நம்ம ஆளுங்களுக்குத்தான் தெரியுறதில்ல.

உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயும் சென்னா இருக்கு. சும்மா பாட்டி வைத்தியம்னு தள்ளிடாதீங்க.

நைட்டூட்டி_அக்கா:

அண்ணே நீங்க சொல்றது சரிதான், ஓபியாய்டு மாத்திரையால வர்ற மலச்சிக்கலுக்கு டாக்டருங்களே சென்னா எழுதுவாங்க. ஏன்னா அது தூங்குற குடலைத் தட்டி எழுப்புற வகை. பெருங்குடல்ல இருக்குற பாக்டீரியாதான் அதை உடைச்சு வேலை செய்ய வைக்கும், அதனால ஆறுல இருந்து பன்னெண்டு மணி நேரம் எடுக்கும், ராத்திரி குடுத்தா காலையில வரும். ஒண்ணுக்கு செம்மஞ்சளா போகும், பயப்பட வேணாம். ஆனா நாட்டு மருந்துக் கடையில பொடியா வாங்கி ஸ்பூன்ல அள்ளிப் போட்டா எவ்வளவு மருந்து உள்ள போகுதுன்னே தெரியாது, வயிறு முறுக்கி எடுத்துரும். அளவு எழுதின மாத்திரையா, டாக்டரைக் கேட்டு, கொஞ்ச நாளைக்கு. உடம்பு இளைக்க டீன்னு விக்குறாங்களே, அதுல பலதுல இந்த இலைதான் இருக்கும், அதைக் குடிச்சு இளைக்குறது கொழுப்பு இல்ல தண்ணி.

கரிசல்பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி, கமோடு சேர் வந்துருச்சு, பலகையும் போட்டாச்சு. ஆனா இன்னைக்கு காலையில இருந்து தலைகீழா ஆகிப்போச்சு. அம்மாவுக்கு திடீர்னு தண்ணி தண்ணியா போகுது, போகுதுன்னு கூட சொல்ல முடியாது, அவங்களுக்கே தெரியாம சேலையில கசியுது. வயிறு கல்லு மாதிரி இருக்கு, சாப்பாடு வேணாங்கிறாங்க. மச்சான் பேதியை நிறுத்துற லோபெராமைடு மாத்திரை வாங்கிட்டு வந்து "ஒண்ணு போட்டா நின்னுரும், அடைப்பு விட்டு பேதியாகுது நல்லதுதானே"ங்கிறாரு. குடுக்கலாமா?

நைட்டூட்டி_அக்கா:

குடுக்காதீங்க. இது பேதி இல்ல. கீழ மலக்குடல்ல காஞ்சு இறுகினது பெரிய கட்டியா அடைச்சு நிக்கும், அதைத் தாண்டி வர முடியாம மேல இருக்குற தண்ணியான கழிவு மட்டும் ஓரத்துல வழிஞ்சு கசியும். பாக்குறதுக்கு வயித்துப்போக்கு, உள்ள முழு அடைப்பு. பேதியை நிறுத்துற மாத்திரை போட்டா இருக்குற கொஞ்ச அசைவும் நின்னுரும். வயசானவங்களுக்கு இது நடக்குறது சகஜம், வீட்ல இருக்குறவங்க ஏமாந்துபோறதும் சகஜம்.

இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. விரலை வச்சுப் பாத்தாலே தெரிஞ்சுரும், அப்புறம் எனிமா குடுத்தோ கையால எடுத்தோ கட்டியை வெளியேத்துவாங்க. வீட்ல நீங்களா எனிமா குடுக்க வேணாம், கடையில கிடைக்குற பாஸ்பேட் எனிமா வயசானவங்களுக்கும் கிட்னி வீக்கா இருக்குறவங்களுக்கும் ரத்தத்துல உப்புக் கணக்கையே கெடுத்துரும். ஒண்ணுக்கு சரியா போறாங்களான்னு பாருங்க, கட்டி அழுத்தினா மூத்திரமும் அடைச்சுக்கும். வாந்தி, விட்டு விட்டு கடுமையான வயித்து வலி, காத்துக் கூட பிரியலைன்னா நேரா எமர்ஜென்சிதான், காலை வரைக்கும் காத்திருக்காதீங்க. பேச்சு குழறினாலோ சம்பந்தமில்லாம பேசினாலோ அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

பார்மசி_பாண்டி:

அக்கா சொன்னதுதான். போகும்போது எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, பேரு சொல்லி விளக்குறதை விட அதுதான் வேகம்.

கரிசல்பொண்ணு:

அப்டேட் போட லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கங்க. அன்னைக்கே கூட்டிட்டுப் போனோம். அக்கா சொன்ன மாதிரி விரல் வச்சுப் பாத்த உடனேயே லேடி டாக்டர் "உள்ள கட்டி நிக்குதும்மா"ன்னுட்டாங்க. எனிமா குடுத்தாங்க, அது பத்தாம கொஞ்சம் கையாலயும் எடுத்தாங்க, அம்மாவுக்கு வலியை விட வெக்கம்தான் ஜாஸ்தி, என் கையை நசுக்கி எடுத்துட்டாங்க. முடிஞ்சு வெளிய வந்ததும் முகமே மாறிப்போச்சு, வர்ற வழியில சரவணா டீக்கடையை காட்டி ஒரு காபி வாங்கித் தரச் சொன்னாங்கன்னா பாத்துக்கங்க.

அல்ட்ராசெட்டை நிறுத்தி பாரசிட்டமால் மட்டும் எழுதியிருக்காங்க, ராத்திரி வலி வந்தா ஐஸ் ஒத்தடம். ரத்தம் பாத்தாங்க, அளவு சரியா இருக்குன்னு இரும்பு மாத்திரையையும் நிறுத்திட்டாங்க. கால்சியத்தை மாத்திக் குடுத்திருக்காங்க. கூடவே தைராய்டுக்கு டெஸ்ட் எடுத்தாங்க, தைராய்டு கம்மியா இருந்தாலும் மலச்சிக்கல் வருமாம், அம்மாவுக்கு டெஸ்ட் நார்மல்னு வந்துருச்சு. லாக்டுலோஸ் ராத்திரி 15 மில்லி. முதல் ரெண்டு நாள் கேஸ் பிரிஞ்சு அம்மா என்னைப் பாத்து சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க, அப்புறம் இளகிப் போக ஆரம்பிச்சுருச்சு. இப்ப ஒருநாள் விட்டு ஒருநாள் சிரமமில்லாம போகுது. தினமும் போகணும்னு கட்டாயமில்ல, வாரத்துக்கு மூணு தடவைக்கு குறையாம, கஷ்டப்படாம போனா போதும்னு டாக்டர் சொல்லிட்டாங்க.

இங்க கேட்டுத்தான் பலகை எல்லாம் போட்டேன்னு அம்மாகிட்ட சொன்னதுக்கு "ஏண்டி இதைப் போயி ஊருக்கெல்லாம் சொல்லிட்டியா"ன்னு ரெண்டு நாள் பேசல. இப்ப அவங்களே பக்கத்து வீட்டு அத்தைக்கு போன்ல கிளாஸ் எடுக்குறாங்க, முன்னாடி சாய்ஞ்சு உக்காரு, மூச்சை விடுன்னு.

மேலத்தெரு_மாமா:

நல்லா இருக்கட்டும்மா. பேதி இல்ல அடைப்புன்னு அந்த நர்ஸ் பொண்ணு சொன்னது எனக்கே புதுசு.

ரெண்டுபுள்ள_தாய்:

த்ரெட்டை முழுசா படிச்சேன். என் சின்னவனுக்கு 5 வயசு, யுகேஜி. அவனும் மூணு நாள் நாலு நாள் அடக்குறான், வந்தா மூலையில போய் காலைப் பின்னிக்கிட்டு நிக்குறான், முக்குறான்னு நினைச்சுட்டு இருந்தேன். ஸ்கூல் பாத்ரூம் நாறுதுன்னு போகவே மாட்டேங்கிறான். சாப்பாடு இறங்காது, பால் மட்டும் நாலு டம்ளர் குடிப்பான். இவனுக்கும் லாக்டுலோஸ் குடுக்கலாமா?

நைட்டூட்டி_அக்கா:

அவன் முக்கல, வெளிய வராம அடக்குறான், காலைப் பின்னுறது அதுக்குத்தான். ஒருதடவை கெட்டியா போயி வலிச்சிருக்கும், அந்தப் பயத்துல அடக்குறான், அடக்க அடக்க இன்னும் கெட்டியாகி இன்னும் வலிக்குது. திட்டவோ மிரட்டவோ செய்யாதீங்க. பாலை ரெண்டு டம்ளராக்குங்க, பசி எடுத்தா சாப்பாடு தானா உள்ள போகும். சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து சாப்பிட்டதும் காலுக்கு ஸ்டூல் போட்டு அஞ்சு நிமிஷம் உக்கார வைங்க, வரலைன்னாலும் உக்காந்ததுக்கே பாராட்டுங்க. மருந்து குழந்தைங்க டாக்டர் எடையைப் பாத்துதான் எழுதணும், ஆரம்பிச்சா ரெண்டு நாள்ல நிறுத்தாம பயம் போற வரைக்கும், சில மாசம் கூட குடுப்பாங்க. ஜட்டியில கறை கறையா கசிஞ்சிருக்கான்னு பாருங்க, இருந்தா மேல சொன்ன அதே கதைதான், இந்த வாரமே காட்டிடுங்க. ஸ்கூல் மிஸ்கிட்டயும் பேசுங்க, கிளாஸ் நேரத்துல கேட்டா விடச் சொல்லி.

ரெண்டுபுள்ள_தாய்:

ஜட்டியில கறை இருக்குக்கா, சரியா கழுவலைன்னு அவனைத்தான் அடிச்சுட்டு இருந்தாரு அவங்க அப்பா. நாளைக்கே அப்பாயின்ட்மென்ட் போடுறேன்.